நல்ல பக்கம்

முப்பத்தோரு நாளாகத் தறி ஓடவில்லை.
சோமனூரில் இப்போது காக்கை கத்துவது கேட்கிறது.
எதிர்வீட்டுக் கிரைண்டர் நின்ற பிறகும்
அதன் ஈரம் சொட்டுவது கேட்கிறது.
ஆறாம் தறிக்கும் ஏழாம் தறிக்கும் நடுவே
ஸ்டாண்டு போட்ட ராஜ்தூத்தின்
பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால்
டிக், டிக் என்று
எதையோ கடித்துத் துப்புகிற சத்தமும்.

உக்கடத்தில் எடைக்கு வாங்கிய வண்டி.
இருபது வருஷம் பால் கேன் சுமந்ததாகச் சொன்னார்கள்,
கேரியர் வளைந்திருந்த வளைவுக்கு
நம்பத்தான் வேண்டும்.
பிஸ்டன் வழிக்கு வந்தது, கார்புரேட்டர் வந்தது,
டேங்குக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதில்
துருவும் வந்தது, ஒரு படி.
செயின் மட்டும் வரவில்லை.

ஸ்விங் ஆர்மில் கோடு உண்டு.
இடப்பக்கம் மூன்றாம் கோடு,
வலப்பக்கம் மூன்றாம் கோடு.
எத்தனை முறை எண்ணினாலும் மூன்றும் மூன்றும்.
இருந்தும் புதுப் பல்லின் உள்முகத்தில்
நாலே நாளில் வெள்ளிக்கோடு விழுந்துவிட்டது.

லேத் பூபதி குனிந்து பார்த்தான்.
"கோடு சரியாத்தான் இருக்குது."
போன முறை கூலி ஒப்பந்தத்துக்கும்
இதையேதான் சொன்னான்:
தாளில் சரியாத்தான் இருக்குது.
சரியாக இருந்தும் தேய்ந்தது நாங்கள்தான்.

பாவிலிருந்து ஒரு நூல் எடுத்தேன்.
ஓடாத தறியில் ஒரு இழை போனால் யார் கேட்பது.
பின் ஸ்ப்ராக்கெட் முகத்தோடு ஒட்டிப் பிடித்து
முன்னால் இழுத்தேன்.
பின்னே இரண்டு விளிம்பும் தொட்ட நூல்
முன்னே தொடாமல் நின்றது,
ஒரு தட்டைப்பயிறு நுழையும் இடைவெளி.
அச்சைத் தளர்த்தி, தட்டி, முடுக்கி,
மறுபடி நூல் பிடித்து,
பொழுதோட வரைக்கும் அந்தத் தட்டைப்பயிறு
அங்கேயே உட்கார்ந்திருந்தது.

பூபதி இரண்டரை மில்லி கனத்தில்
ஒரு வாஷர் கடைந்து கொடுத்தான்.
போட்டுப் பார்க்கலாம் என்று
முன் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றித்
தினத்தாள் மேல் வைத்தேன்.

டீ கொண்டுவந்த சுலோச்சனா
அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
ஒரு பக்கம் வழவழ.
மறுபக்கம் உதடு போல ஒரு மேடு.
"ஏனுங்க, இதுக்கு நல்ல பக்கம் எதுங்க?"

சிரித்தேன்.
இது என்ன காடாத் துணியா என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
இருபத்தாறு வருஷமாக
விரல் படும்போதே பக்கம் சொல்கிறவன் நான்.
உள்ளே பார்க்கவேண்டிய மேடு
பத்து நாளாக வெளியே என்னைப் பார்த்து
இளித்துக்கொண்டிருந்திருக்கிறது.

திருப்பிப் போட்டேன்.
நூல் நாலு இடத்திலும் தொட்டது,
எங்கேயும் அழுத்தவில்லை.
இறுகலான இடம் தேடி,
கட்டைவிரல் அகலம் ஏறி இறங்க விட்டு,
பூட்டுக் கிளிப்பின் மூடிய முனை
ஓடுகிற திசை பார்க்கக் குத்தினேன்.
சக்கரம் சுற்றினேன்.
காக்கை மட்டும் கேட்டது.

இருட்டும் முன்னே இட்டேரியில் ஒரு நடை
வெசயாப் போய்வந்தேன்.
வேலி மேல் ஓணான் ஒன்று
தலை திருப்பக்கூட இல்லை.

மூன்றாம் நாள் பேச்சு முடிந்தது.
கேட்டதில் பாதி; வாங்கிக்கொண்டோம்.
இப்போது எட்டுத் தறியும் ஓடுகிறது.
வண்டியைக் கிளப்பினாலே சைலன்சர் நடுக்கம்
கால் வழியாகத்தான் தெரியும்.
செயின் எப்படி ஓடுகிறதென்று
காது சொல்லாது.
ஞாயிற்றுக்கிழமை பல்லைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

வாஷர் ஜன்னலில் கிடக்கிறது.
பூபதிக்கு நாற்பது ரூபாய் தரவேண்டும்.
தேவைப்படவில்லை என்று
இன்னும் சொல்லவில்லை.